பரிசல்காரருக்குச் சொல்லாமல் தண்ணீரைத் திறந்துவிடலாமா?

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், 2025 அக்டோபரில் ஒரு காசோலையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். எந்த வங்கி, எந்தக் கிளை என்பதெல்லாம் வேண்டாம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "ஏம்மா, இனிமே செக் போட்டா அன்னைக்கே பாஸ் ஆயிடுமாமே, நெசமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கொஞ்சம் விழித்துவிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் வரலீங்களே சார். நீங்க எதுல பார்த்தீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறது. இவர் பையிலிருந்து செய்தித்தாள் நறுக்கை எடுத்துக் காட்ட, அதை அந்தப் பெண் செல்போனில் படம் பிடித்துக்கொண்டதாம்.

இண்டூர் டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "கவர்ன்மெண்ட் பேங்க்னா அப்படித்தான்" என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பெண்ணின் விழிப்பு எனக்குத் தெரிந்த விழிப்பு.

விஷயம் என்னவென்றால், ரிசர்வ் வங்கி 2025 ஆகஸ்ட் 13ஆம் தேதியே அறிவித்துவிட்டது. அதுவரை காசோலைகளை மொத்தமாகச் சேர்த்துக் கட்டுக் கட்டாகத் தீர்வுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 4 முதல் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை, வர வர ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. காசோலை எழுதியவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. சின்ன மாற்றமா இது? காலையில் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கமே அடியோடு போகிறது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரத்தில் செய்தி மும்பையிலிருந்து செய்தித்தாளுக்கு வந்தது, செய்தித்தாளிலிருந்து இண்டூர் வாத்தியாருக்கு வந்தது. கவுண்டரில் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. ஆரம்ப நாட்களில் பல இடங்களில் காசோலைகள் தேங்கிப் பணம் ஏறத் தாமதமானது என்று பிறகு படித்தோம். அந்த நாட்களில் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியது யார்? மும்பையில் இருப்பவரா?

நம் ஊர் வழியாகத்தான் பென்னாகரம், ஒகேனக்கல் பஸ்கள் போகின்றன. அதனால் ஒகேனக்கல் உதாரணமே சொல்கிறேன். கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால் அது காவிரியில் நம் எல்லைக்கு வருகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கிறார்கள். நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடுகிறது. யாருக்கு முதலில் தகவல் போகிறது? ஆற்றில் இருக்கிறவருக்கு, பரிசல்காரருக்கு. சென்னையிலிருந்து சுற்றுலா வருகிறவர் டி.வி.யில் பார்த்து நிதானமாகத் தெரிந்துகொள்ளலாம். பரிசல்காரர் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடு ஆற்றில் இருக்கிறார். அவருக்குச் சொல்லாமல் மதகைத் தூக்கினால் அதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை.

அலுவலகக் கணினியை மாற்றுகிறவர்கள் இன்று செய்வது அநேகமாக அதைத்தான். சனிக்கிழமை இரவு மதகைத் தூக்குகிறார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசல்காரர் வந்து ஆற்றில் இறங்குகிறார்.

நான் கணினிக்கு எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "பெரிசு பேரேட்டுக் காலத்துக்கே போகச் சொல்லுது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிளையில் மின்விசிறியும் டைப்ரைட்டரும்தான் இயந்திரம். வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. அதற்கு முந்தைய வருடமே சங்கங்களும் வங்கி நிர்வாகங்களின் சங்கமும் உட்கார்ந்து பேசி இது பற்றி ஒப்பந்தம் போட்டிருந்தன. 1993இல் இன்னொன்று. எத்தனை இயந்திரம் வரும், எங்கே வரும், யார் இயக்குவது, இயக்குபவருக்கு என்ன அலவன்ஸ் என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. நாங்கள் கொடி பிடித்தோம், கோஷம் போட்டோம், அது உண்மை. ஆனால் இயந்திரம் கிளைக்குள் வந்து இறங்குகிற அன்றைக்கு, அது என்ன, எதற்கு என்பது வாசல் பெருக்குகிறவர் வரைக்கும் தெரிந்திருந்தது. சண்டை போட்டதால் தெரிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததா இல்லையா?

அதற்கும் முன்னால் சுற்றறிக்கைக் கோப்பு என்று ஒன்று இருந்தது. உங்களில் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் நினைவு இருக்கும். வட்டி விகிதம் கால் சதவீதம் மாறினாலும் தபாலில் ஒரு தாள் வரும். மேனேஜர் படித்துச் சிவப்பு மையில் கோடு போடுவார். பியூன் அதை மேஜை மேஜையாகக் கொண்டு வருவார். ஒவ்வொருவரும் படித்து, ஓரத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். லீவில் இருந்தவருக்கு, திரும்பி வந்த அன்றைக்கு முதல் வேலை அதுதான். புரியாவிட்டால் பக்கத்து மேஜையில் கேட்போம். மெதுவான ஏற்பாடுதான். ஆனால் "எனக்குத் தெரியாது" என்று ஊழியரும் சொல்ல முடியாது, "நீ தெரிந்துகொண்டிருக்க வேண்டும்" என்று மேலிடமும் சும்மா சொல்ல முடியாது. கையெழுத்து இருக்கும், அல்லது இருக்காது.

இனி நான் சொல்லப் போவதை இதுவரை எழுதியதில்லை. வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது. வேறு மாவட்டத்தில், ஒரு சின்ன ஊர்க் கிளை. நான் அங்கே அக்கவுண்டன்ட். ஒரு சனிக்கிழமை இரவு மென்பொருளை மேம்படுத்தினார்கள். அது பற்றிய சுற்றறிக்கை சனிக்கிழமை மாலை கிளையின் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. நாற்பத்தொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். மேனேஜர் லீவு. திங்கட்கிழமை காலை வாசலில் கூட்டம். பத்து மணிக்குக் கணினியைத் திறந்தால் திரையின் நிறமே வேறாக இருக்கிறது. பொத்தான்கள் இடம் மாறியிருக்கின்றன. நாற்பத்தொரு பக்கத்தை யார் படிப்பது? "பழகிடும், ஆரம்பிங்க" என்று நான்தான் சொன்னேன்.

கேஷ் கவுண்டரில் ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு வாடிக்கையாளர் 18,500 ரூபாய் கட்டினார். பதிவு செய்யும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. பழைய மென்பொருளில் அப்படி நின்றால் மறுபடி அழுத்துவோம். ஏற்கெனவே ஏறியிருந்தால் அதுவே மறுத்துவிடும். அந்தப் பெண்ணும் மறுபடி அழுத்தியது. புதிய மென்பொருள் மறுக்கவில்லை. இரண்டு தரம் ஏற்றிக்கொண்டது. அதிலும் ஒரு வேடிக்கை: அன்றைய வரவுப் பட்டியலில் அது ஒரே ஒரு வரியாகத்தான் வந்தது. அடியில் இருந்த மொத்தத்தில் மட்டும் இரண்டு தரம் சேர்ந்திருந்தது.

மாலையில் பணத்தை எண்ணினால் 18,500 ரூபாய் குறைகிறது. ஐந்து முறை எண்ணினோம். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அந்தப் பெண்ணின் கைப்பையை அதுவாகவே மேஜையில் கொட்டிக் காட்டியது. யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டியலை எடுத்து வவுச்சரோடு ஒவ்வொன்றாக நான்தான் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பேரேட்டுக் காலமாக இருந்தால் பட்டியலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இரண்டு முறை கூட்டியிருப்பேன். அது என் தொழில். அன்றைக்குக் கூட்டவில்லை. கணினி கூட்டியதை எவனாவது மறுபடி கூட்டுவானா என்று விட்டுவிட்டேன்.

பணம் குறைந்தால் அன்றைக்கே கேஷியர் கட்ட வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பெண் அழவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தது. அவர் ஏழரை மணிக்குப் பழைய மொபெட்டில் வந்து, ரப்பர் பேண்டு போட்ட பணத்தைக் கொடுத்தார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த பணம் என்று பிறகு தெரிந்தது. மறுநாள் விதிப்படி அந்தப் பெண்ணிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். மெமோவில் கையெழுத்து என்னுடையது.

எட்டு நாள் கழித்து அந்த வாடிக்கையாளர் பாஸ்புக் போட வந்தார். தக்காளி விவசாயி. பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்து, "சார், நான் ஒரு தரம்தாங்க கட்டினேன். ரெண்டு தரம் ஏறியிருக்குது" என்றார். தக்காளி விலை தரையில் கிடந்த நேரம் அது. பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை.

நான் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு இளைஞர், ரொம்ப மரியாதையாகவே பேசினார். "ஆமாம் சார், அது தெரிஞ்ச பிரச்சினைதான். திங்கட்கிழமை மத்தியானமே நெறைய கிளையில வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே சரி பண்ணியாச்சு." ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க டிக்கெட் போடலியே சார்" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானமே தெரிந்திருக்கிறது. அன்று மாலைதான் அந்த மனிதர் மொபெட்டில் வந்தார்.

பணம் அந்தப் பெண்ணுக்குத் திரும்பக் கிடைத்தது. நான் மெமோவைத் திரும்பப் பெறுகிறேன் என்று மேலிடத்துக்கு எழுதினேன். அதன் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்களா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அந்தப் பெண் அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனது. என் மேஜைக்கு வரவில்லை. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இது ஏதோ ஒரு கிளையில் நடந்த சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். நான் அதைப் படித்த பிறகுதான் இரண்டு நாள் தூங்கவில்லை.

அங்கே துணை அஞ்சலகம் என்பது பெரும்பாலும் ஒரு கடையும் கவுண்டரும் சேர்ந்தது. அதை நடத்துகிறவர் ஒப்பந்தக்காரர். கணக்கில் குறைந்தால் அவர் பொறுப்பு. 1999இலிருந்து எல்லா அஞ்சலகங்களுக்கும் 'ஹொரைசன்' என்ற கணினித் திட்டம் வந்தது. ஜப்பானிய புஜித்சு நிறுவனத்துடையது. வந்ததிலிருந்து பலருக்குக் கணக்கு உதைத்தது. ஆயிரம் பவுண்டு குறைகிறது, பத்தாயிரம் குறைகிறது. உதவி எண்ணுக்குப் போன் செய்தவர்களிடம், "வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே, உங்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார்கள். வீட்டை விற்றுக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 1999க்கும் 2015க்கும் இடையில் தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணி 2010இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது அது.

மென்பொருளில் பிழை இருப்பது யாருக்குத் தெரியும்? உருவாக்கியவர்களுக்குத் தெரியும். 'தெரிந்த பிழைகளின் பதிவேடு' என்றே ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள். அது அஞ்சலகக்காரர்களின் கண்ணுக்குப் படவே இல்லை. வெளியிலிருந்தபடியே கிளைக் கணக்கில் கை வைக்க முடியும் என்பதும் அவர்களுக்கு மறைக்கப்பட்டது. ஆலன் பேட்ஸ் என்ற ஒரு துணை அஞ்சலகக்காரர், 2003இல் ஒப்பந்தத்தை இழந்தவர், விடாமல் போராடினார். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில்தான் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் 2024 ஜனவரியில் தொலைக்காட்சியில் நாடகத் தொடராக வந்து ஊரே கொதித்த பின்புதான், அந்த ஆண்டு மே மாதம் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யச் சட்டம் போட்டார்கள். இருபத்தைந்து வருடம்.

"தெரிஞ்ச பிரச்சினைதான் சார்" என்று என்னிடம் சொன்ன அந்த இளைஞரின் குரல் அப்போது காதில் கேட்டது. எங்கள் கிளையில் ஒரு நேர்மையான விவசாயி இருந்தார். எட்டு நாளில் முடிந்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால்?

சரி, எங்குமே ஒழுங்காகச் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்ய முயன்றிருக்கிறார்கள். நம் அஞ்சல் துறை 2025இல் 'ஏ.பி.டி.' என்ற புதிய மென்பொருளுக்கு மாறியது. துறையின் சொந்தத் தொழில்நுட்ப மையமே செய்தது. முதலில் கர்நாடக வட்டத்தில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அங்கே கண்ட குறைகளைத் திருத்திக்கொண்டு, வட்டம் வட்டமாக விரித்து, ஆகஸ்ட் 4ஆம் தேதி நாடு முழுக்க முடித்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள். 4.6 லட்சம் ஊழியர்களுக்கு மேல் பயிற்சி கொடுத்ததாக அரசு சொன்னது. ஒரு முறை சொல்லிக்கொடு, மறுபடி சொல்லிக்கொடு, பிறகு நினைவூட்டு என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முறை. மாறுகிற நாளில் பரிவர்த்தனை கிடையாது என்று பல இடங்களில் முன்கூட்டியே அறிவித்தார்கள். அப்படியும் முதல் வாரங்களில் சர்வர் திணறியது, வரிசை நீண்டது என்று செய்திகள் வந்தன. இத்தனை பெரிய மாற்றத்தில் அது வரும். நான் சொல்வது, காட்டிலும் மலையிலும் இருக்கிற கிளை அஞ்சலகம் வரை ஒரு துறை பயிற்சி கொண்டுபோக முடியும் என்றால், குளிர்சாதன அறையில் இருக்கிற மற்றவர்களால் ஏன் முடியாது?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுகள் சட்டம், பிரிவு 9ஏ. நான்காம் அட்டவணையில் இருந்த விஷயங்களில் தொழிலாளியின் வேலை நிலைமையை மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றது அது. இயந்திரத்திலோ செயல்முறையிலோ மேம்பாடு என்பதும் அந்த அட்டவணையில் இருந்தது. ஆனால் ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் மேம்பாடாக இருந்தால்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த 21 நாள் அறிவிப்பு தொடர்கிறது. அதாவது, உன் வேலை போகும் என்றால் 21 நாள் முன்னால் சொல்ல வேண்டும். வேலை இருக்கும், ஆனால் நாளைக்கு உனக்கு அது செய்யத் தெரியாது என்றால் யாரும் ஒரு நாள் முன்னால்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நாடு கணினிக்கு வந்துவிட்டது. சட்டம் நெசவாலையில் நிற்கிறது.

இதையெல்லாம் சொன்னால் மேலே இருப்பவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவைதான்.

"சுற்றறிக்கை அனுப்பினோமே" என்பார்கள். அனுப்புவது வேறு, சொல்வது வேறு. பிள்ளைக்குக் கடிதம் எழுதிப் பரணில் போட்டுவிட்டு, "நான் சொல்லிவிட்டேன்" என்று எந்தத் தகப்பனும் சொல்ல மாட்டான். சனிக்கிழமை மாலை வந்த நாற்பத்தொரு பக்கம், ஊழியருக்குத் தகவல் சொல்ல எழுதியது இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் தலைமையகம் தப்பித்துக்கொள்ள எழுதியது.

"ஊழியர்கள் எதையும் படிப்பதில்லை" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. நானும் படிக்காமல் கோப்பில் போட்டவன்தான். ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுற்றறிக்கை வந்தால், அதில் பதினொன்று கிளைக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தால், பன்னிரண்டாவதையும் அப்படித்தான் போடுவார்கள். கத்திக்கொண்டே இருக்கிற மைக்கை ஊரில் யார் கேட்கிறார்கள்?

"குறைகளை வெளியே சொன்னால் பாதுகாப்புக்கு ஆபத்து" என்பார்கள். திருடனுக்கு வழி காட்டுகிற விவரத்தை யாரும் கேட்கவில்லை. "ஒரே தொகை இரண்டு தரம் ஏறுகிறது, திரை நின்றால் மறுபடி அழுத்தாதீர்கள்" என்று திங்கட்கிழமை மத்தியானம் கிளைகளுக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தால் எந்தப் பாதுகாப்பு குலைந்திருக்கும்? ஒரு சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

"இளைஞர்கள்தானே, தட்டித் தட்டிக் கற்றுக்கொள்வார்கள்" என்பார்கள். செல்போனில் தட்டிக் கற்றுக்கொள்ளலாம். அடுத்தவர் பணத்தில் தட்டிக் கற்றுக்கொள்ள முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பணச் செலவும் கிடையாது.

மாற்றம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பக்கம். ஒரே பக்கம், தமிழில். எது நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், திங்கட்கிழமை திரையில் எது வேறாக இருக்கும், சிக்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நாலு விஷயம் அதில் இருந்தால் போதும். நாற்பத்தொரு பக்கமும் இருக்கட்டும், வேண்டியவர் படிக்கட்டும்.

மாதத்தின் முதல் வாரத்தில், பென்ஷன் வாங்கக் கிழவர்கள் வரிசையில் நிற்கிற நாட்களில், பண்டிகைக்கு முந்தின நாளில் கை வைக்காதீர்கள். கவுண்டரில் ஒரு நாளாவது உட்கார்ந்தவர் தேதி குறித்தால் இது தானாகவே நடக்கும்.

புதிய திரையைத் தொட்டுப் பார்க்க, பொய்ப்பணத்தில் பழகிப் பார்க்க, கடைநிலை ஊழியருக்கும் இரண்டு மணி நேரம் கொடுங்கள். மேனேஜருக்கு மட்டும் சேலத்தில் ஓட்டலில் சாப்பாடு போட்டுப் பயிற்சி கொடுத்தால் அது மேனேஜரோடு லீவில் போய்விடும்.

தெரிந்த பிழை எதுவானாலும் தெரிந்த அன்றே எல்லாக் கிளைக்கும் தெரிய வேண்டும். டிக்கெட் போட்டவனுக்கு மட்டும் மருந்து என்பது என்ன நியாயம்? ஊரில் குடிநீர் கெட்டுவிட்டால், வயிற்றுப்போக்கு என்று வந்து சொன்ன வீட்டுக்கு மட்டுமா சொல்வார்கள்?

கடைசியாக ஒன்று. என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல். மென்பொருள் மாறிய முதல் மாதத்தில் கணக்கில் குறைந்தால், கணினியை விசாரித்து முடிக்கும் வரை மனிதரிடம் கை நீட்டாதீர்கள். குறைந்த தொகையை ஒரு தனிக் கணக்கில் நிறுத்தி வையுங்கள். பார்த்து முடித்த பிறகு கேளுங்கள். அன்றைக்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தால், நானே இருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருந்தால்கூட, அந்த மனிதர் இரவில் மொபெட் ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டாம்.

டீக்கடையில் சிரித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமெல்லாம் இப்போது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள். பாஸ்புக் மிஷின் ஓடாவிட்டால், கைரேகை விழாவிட்டால், "சர்வர் டவுன்" என்று சொன்னால், நம் கோபம் முழுக்க எதிரில் இருக்கிற அந்த ஒரு முகத்தின் மேல்தான் விழுகிறது. அந்த முகத்துக்கும் நமக்குத் தெரிந்த அளவுதான் தெரியும், பல நேரம் அதைவிடக் குறைவாக. அடுத்த முறை போகும்போது, "உங்களுக்கு இதப்பத்தி முன்னாடியே சொன்னாங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நான் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன். இதுவரை யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பெண் இப்போது எங்கேயோ அதிகாரியாக இருக்கும். மெமோவில் கையெழுத்துப் போடும் இடத்துக்கே வந்திருக்கும். அம்மா, நீ இதைப் படித்தால், அன்றைக்கு நான் பட்டியலைக் கூட்டிப் பார்க்காமல் விட்டது என் தவறு. மெமோவை அனுப்பியதும் என் தவறு. உன்னிடம் நேரில் வந்து சொல்லாமல் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன் பார், அதுவும்தான். உன் கிளையில் அடுத்த முறை மென்பொருள் மாறும்போது, கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு முதலில் சொல்லிவிடு.